பதவிக்கேற்ற வேகம்

மத்திய செவித்துணைக் கருவி வாரியத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஒருவரும் அவசரப்பட்டது கிடையாது. தில்லி ராமகிருஷ்ணபுரத்தில், லிஃப்ட் நின்றுபோன ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அது இயங்கிவந்தது. காது கேளாத குழந்தைகளுக்கு இலவசமாகக் கருவி கொடுப்பது அதன் பணி. ஆறு வயதுக்குள் சத்தம் காதில் விழாவிட்டால் அப்புறம் பேச்சு வருவது கஷ்டம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் ஆறு வயது முடிந்த குழந்தைகளுக்குக் கருவி தரக் கூடாது என்று வாரியம் விதி செய்திருந்தது. அந்த வயதுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று மட்டும் எந்த விதியும் இல்லை.

கிடங்கில் கருவிகள் இருந்தன. மர இழுப்பறைகளில், ஒன்பதாயிரத்து நானூறு அட்டைகளாக, குழந்தைகள் இருந்தார்கள். எந்தக் காது, எவ்வளவு குறைபாடு, என்ன வயது என்று அட்டை அட்டையாகப் பார்த்து, கருவிக்கேற்ற குழந்தையைப் பொறுக்கி எடுப்பது உதவியாளர் கலியமூர்த்தியின் வேலை. ஒரு வகைக் கருவிக்கு ஆள் பொறுக்கி முடிப்பதற்குள் அந்தக் கருவியின் உத்தரவாதக் காலம் முடிந்துவிடுவதும் உண்டு.

கலியமூர்த்திக்கு நாற்பத்து நாலு வயது. சீர்காழிக்காரர். கிட்வாய் நகரில் அரசாங்கக் குடியிருப்பு, மனைவி மீனாக்ஷி, குழந்தை இல்லை. முறைப்படி எழுதி, சரியான இடத்தில் அனுப்பினால் அரசாங்கம் கேட்கும் என்று நம்புகிற ஆள். அந்த நம்பிக்கையோடு அவர் பத்தொன்பது வருஷம் சர்வீஸ் போட்டிருந்தார்.

தொண்ணூற்றொன்பது செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, வத்சலா என்றொரு பெண் மூன்று மாடி ஏறி வந்தாள். புருஷனுக்குப் பல்கலைக்கழக விடுதி மெஸ்ஸில் சமையல் வேலை. முனிர்காவில் ஒற்றை அறை. இடுப்பில் நாலரை வயதுப் பெண், ஷ்வேதா. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு எவ்வளவு நாளாகும் என்று கேட்டாள். எல்லோருக்கும் சொல்வதுபோல, சுமார் இரண்டு வருஷம் என்றார் கலியமூர்த்தி.

அவள் கோபப்படவில்லை. விரல் விட்டு எண்ணினாள். "அதுக்குள்ள இவளுக்கு ஆறு முடிஞ்சிடுமே சார். அப்புறம் குடுக்கமாட்டீங்கல்ல?"

கலியமூர்த்தி கணக்குப் போட்டுப் பார்த்தார். அவள் சொன்னது சரியாக இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் தனக்கு ஏன் இந்தக் கணக்குத் தோன்றவில்லை என்று அன்று பூராவும் யோசித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மேலதிகாரி துணை இயக்குநர் அனந்தகிருஷ்ணன். தஞ்சாவூர்க் குடும்பம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் தில்லி. இருவரும் ஒரே சார்ட்டர்ட் பஸ்ஸில் போய்வருபவர்கள். மறுநாள் பஸ்ஸில் கலியமூர்த்தி விஷயத்தைச் சொன்னார். இந்த அட்டைகளை எல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் பொறுக்குகிற வேலை நிமிஷத்தில் முடியும். ஒரே ஒரு கம்ப்யூட்டர் போதும். டைப்பிங் தனக்குத் தெரியும். மற்றதைக் கற்றுக்கொள்வேன் என்றார்.

அனந்தகிருஷ்ணன் உருகிப்போனார். "இந்த மாதிரி ஒரு ஆள் ஆபீஸ்ல இருக்கறது எனக்கு எவ்ளோ பெருமை தெரியுமா, கலி? நீங்க நேரு பிளேஸ் போய் நன்னா பாத்துண்டு வாங்கோ. நோட் போடுங்கோ. மேல நான் பாத்துக்கறேன்."

கம்ப்யூட்டர் கடைகள் மண்டிய நேரு பிளேஸில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் ஜோதிலிங்கம் கடை வைத்திருந்தான். விருதுநகரிலிருந்து பையனாக வந்தவன், இப்போது முப்பது வயதாகி, கேட்பவருக்குக் கேட்டபடி உதிரிபாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டித் தருவான். கலியமூர்த்தி தன் தேவையைச் சொன்னதும் அவன் இரண்டு பிராசசர்களை எடுத்து மேஜையில் வைத்தான். ஒன்று பென்டியம் த்ரீ. இன்னொன்று செலரான், நானூறு மெகாஹெர்ட்ஸ். விலை பாதிக்கும் கீழே.

"பிராசசர்தான் அண்ணாச்சி மிஷினோட மூளை. படம் கிடம் எடிட் பண்றவனுக்குப் பெருசு வேணும். லிஸ்ட்டு தேடறதுக்கு எதுக்கு? பெருசை வாங்கிப் போட்டீங்கன்னா அது சும்மா உக்காந்திருக்கும். இந்தச் சின்னதைப் போட்டுட்டு, மிச்சக் காசுக்கு மெமரியைக் கூட்டிக்கிடுங்க."

இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் கலியமூர்த்திக்குச் சொன்னதில்லை. விலைப்பட்டியலை முத்திரை போட்டு வாங்கிக்கொண்டார். அரைப் பக்கத்தில் குறிப்பு எழுதினார். 'குறைந்த விலைப் பிராசசர் இப்பணிக்குப் போதுமானது' என்று முடித்திருந்தார்.

அந்த வாக்கியத்தில்தான் கோப்பு மாட்டிக்கொண்டது. தலைமை இயக்குநர் 'குறைந்த' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஒரு தேசிய நிறுவனத்துக்குக் குறைந்தது எதுவும் போதுமானதாகாது என்று ஓரத்தில் எழுதினார். அதே சமயம் விலை உயர்ந்ததை வாங்கினால் தணிக்கை கேள்வி கேட்கும். எனவே பிராசசர் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. ஏழு உறுப்பினர்கள். தலைமை இயக்குநர் தலைவர். அனந்தகிருஷ்ணன் உறுப்பினர் செயலர். கலியமூர்த்திக்குத் தேநீர் ஏற்பாடும் கூட்டக் குறிப்பு எடுக்கும் வேலையும்.

முதல் கூட்டத்தில், ஒருவரும் பார்த்திராத ஒன்றைத் தேர்வு செய்வது முறையாகாது என்று முடிவாகி, பிராசசரை நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். ஜோதிலிங்கம் இரவல் கொடுத்தான். இரண்டாவது கூட்டத்தில் அது பிஸ்கட் தட்டில் கைக்குட்டை விரித்துச் சுற்றுக்கு விடப்பட்டது. நிதி ஆலோசகர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். இவ்வளவு விலைக்கு இத்தனூண்டா என்று கேட்டார். இதே விலைக்கு இன்னும் பெரிதாகக் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்லிக் குறிப்பில் ஏற்றினார். ஹிந்தி அதிகாரி, பிராசசருக்கு அங்கீகரிக்கப்பட்ட ஹிந்திச் சொல் இல்லாமல் கோப்பை மேலே நகர்த்த முடியாது என்றார். அந்தச் சொல் வர நாலு மாதமானது. தட்டு சுற்றி வந்தபோது பிராசசரின் அடியிலிருந்த ஊசிகளில் பதினொன்று வளைந்திருந்தன. ஜோதிலிங்கம் அதைத் திருப்பி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கலியமூர்த்தியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஐந்தாவது கூட்டத்தில் இணை இயக்குநர் ஒருவர், இதுவரை யாரும் யோசிக்காத ஒரு கோணத்தைக் கண்டுபிடித்தார். உதவியாளருக்கு நானூறு மெகாஹெர்ட்ஸ் என்றால் துணை இயக்குநருக்கு எவ்வளவு? கீழே உள்ளவன் மேலே உள்ளவரைவிட வேகமாக யோசிக்கிற நிலைமை வந்தால் நிர்வாகம் என்னாகும் என்று அவர் கேட்டார். அதைத் தலைமை இயக்குநர் மெதுவாகத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மேஜை, நாற்காலி, தரைவிரிப்பு, மின்விசிறி எல்லாவற்றுக்கும் பதவிவாரியாகத் தகுதி நிர்ணயம் இருந்தது. அந்த அட்டவணையின் கீழே இன்னொரு வரி சேர்த்தார்கள். தலைமை இயக்குநருக்கு 733. இணை இயக்குநர்களுக்கு 667. துணை இயக்குநர்களுக்கு 600. பிரிவு அலுவலர்களுக்கு 533. உதவியாளருக்கு 200. இப்படியாக ஒரு கம்ப்யூட்டர் பதினேழு கம்ப்யூட்டரானது.

இருநூறு இப்போது கடையில் வருவதே இல்லை என்று கலியமூர்த்தி எழுந்து நின்று சொன்னார். குறிப்பு எடுப்பவர் கருத்துச் சொல்லும் வழக்கம் இல்லை என்று தலைவர் நினைவூட்டினார். இருநூறுக்குக் குறையாமலும் இருநூறுக்கு மிகாமலும் வேகமுள்ள பிராசசர் ஒன்று கோரி டெண்டர் விடப்பட்டது. யாரும் வரவில்லை. மறு டெண்டர் விடப்பட்டது.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து அனந்தகிருஷ்ணன் ஆறுதல் சொல்வார். இந்த மூடர்களோடு தான் தனியாகப் போராடிக்கொண்டிருப்பதாகவும், கலி பொறுமையாக இருக்க வேண்டும் என்றும் சொல்வார். கலியமூர்த்தி நம்பினார். கூட்டத்தில் அனந்தகிருஷ்ணன் ஒருமுறைகூட வாய் திறக்காததை, காரியத்தைக் கெடுத்துவிடாமல் காக்கிற சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டாயிரம் ஏப்ரலில் ஆண்டு அறிக்கைக் கூட்டம் நடந்தது. அனந்தகிருஷ்ணன் மேடையேறினார். முந்தைய மாதம்தான் அவர் சொன்னபடி, ஆறு வயது தாண்டிய குழந்தைகளின் அட்டைகளைக் கலியமூர்த்தி தனியாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். ஆயிரத்து நூற்று நாற்பது அட்டைகள். ஏதோ சிறப்பு அனுமதி வாங்கப்போகிறார் என்று நினைத்து, ராத்திரி பகலாகப் பிரித்திருந்தார்.

"நமது நிலுவை இந்த ஆண்டு ஆயிரத்து நூற்று நாற்பது குறைந்திருக்கிறது என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்," என்று அனந்தகிருஷ்ணன் ஆங்கிலத்தில் சொன்னார். "கூடுதல் ஊழியர் இல்லை. கூடுதல் செலவு இல்லை. ஒரு கருவிகூடச் செலவாகவில்லை. காலத்தை மட்டுமே பயன்படுத்தி இதைச் சாதித்திருக்கிறோம்."

கைதட்டினார்கள். கலியமூர்த்தியும் பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டார். அப்புறம் கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் கலியமூர்த்தி, இன்னும் ஓராண்டுக்குள் ஆறு வயது முடியப்போகிற குழந்தைகள் ஆயிரத்து முந்நூறு பேர் இருக்கிறார்கள் என்றார். அந்த அட்டைகளை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோதிலிங்கம் கடைக்குக் கொண்டுபோய் அவன் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடட்டுமா என்று கேட்டார். அனந்தகிருஷ்ணன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"கொண்டுபோங்கோ. கொழந்தேள் விஷயம். நான் இருக்கேன்."

ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. காலையில் மீனாக்ஷி கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸும், துணிப்பையில் அட்டைகளுமாக 'டிடிசி' பஸ் ஏறுவார். மே மாத வெயிலில் அந்த அடித்தளம் சூளையாக இருந்தது. ஜோதிலிங்கம் மூலையில் ஒரு மேஜையை ஒழித்துக் கொடுத்திருந்தான். மின்சாரம் போகும், ஏற்றினது அழியும், மறுபடி ஏற்றுவார். கடைசி அட்டை முடிந்ததும் ஜோதிலிங்கம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதோ தட்டினான். கிடங்கிலிருக்கும் கருவிகளுக்குப் பொருந்தும் குழந்தைகளின் பட்டியல் திரையில் வந்து நின்றது. அறுநூற்று நாற்பது பேர். பத்து நொடி ஆகியிருக்கும். நானூறு மெகாஹெர்ட்ஸ் செலரான் அதற்குக்கூட மூச்சு வாங்கவில்லை.

கலியமூர்த்தி அழுதுவிடுவார் போலிருந்தது. ஜோதிலிங்கம் டீ வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்துபோனான்.

அனந்தகிருஷ்ணன் பட்டியலில் பென்சிலால் கையெழுத்துப் போட்டார். தலைமை இயக்குநரின் மனநிலை பார்த்து அப்புறம் மையால் போட்டுக்கொள்ளலாம் என்றார். கிடங்குக்காரருக்குப் பென்சில் போதுமானதாக இருந்தது. மூன்று மாதத்தில் அறுநூற்று நாற்பது பொட்டலங்களும் போய்ச் சேர்ந்தன. ஷ்வேதாவுக்கும் ஒன்று.

வத்சலா வந்து சொன்னாள். முதல் இரண்டு நாள் குழந்தை கருவியைப் பிடுங்கி எறிந்து அழுததாம். மூன்றாம் நாள் குளிப்பாட்டக் கழற்றினால் விடவில்லையாம். ரெண்டு வருஷம் என்றீர்களே, எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டாள். கலியமூர்த்தி ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

அவள் பக்கத்து அறை மாணவன் ஒருவனைப் பிடித்து வாரியத்துக்கு நன்றிக் கடிதம் எழுதவைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியார் கடையில் உட்கார்ந்து வேலை செய்த நல்லவர் கலியமூர்த்திக்கு மேலிடம் பரிசு தர வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

வாரியத்தின் வரலாற்றில் வந்த முதல் நன்றிக் கடிதம் அது. புகார்க் கடிதங்களுக்குத் தனிப்பிரிவு இருந்தது. நன்றிக்கு எந்தப் பிரிவும் இல்லாததால் அது கண்காணிப்புப் பிரிவுக்குப் போனது. ஒருவர் நன்றி சொல்கிறார் என்றால் ஏதோ முறைகேடு நடந்திருக்க வேண்டும் என்று கண்காணிப்பு அதிகாரி எழுதினார்.

குற்றச்சாட்டுகள் மூன்று. அரசு ஆவணங்களைத் தனியார் இடத்துக்கு எடுத்துச் சென்றது. அனுமதியின்றி வியாபாரியிடம் தொடர்பு வைத்துக்கொண்டது. மூன்றாவதுதான் கடுமையானது: தன் பதவிக்குரிய இருநூறு மெகாஹெர்ட்ஸ் வரம்பை மீறி, நானூறு மெகாஹெர்ட்ஸில் பணியாற்றியது.

மீனாக்ஷி ராத்திரி சாப்பிடவில்லை. கலியமூர்த்தி சிரித்தார். அனந்தகிருஷ்ணன் சார் இருக்கிறார், அவரைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறேன், அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார். அரைமணி நேரத்தில்தான் முடிந்தது.

விசாரணை அதிகாரி கேட்டதற்கெல்லாம் அனந்தகிருஷ்ணன் நிதானமாகப் பதில் சொன்னார். கலியமூர்த்தி நல்ல ஊழியர், ஆர்வக்கோளாறு உண்டு. நேரு பிளேஸ் போய்ப் பார்க்கச் சொன்னது உண்மையா? "பார்க்கச் சொன்னேன். பார்ப்பது வேறு, விலைப்பட்டியல் வாங்குவது வேறு." அட்டைகளை எடுத்துப்போக அனுமதித்தீர்களா? "பஸ்ஸில் பல விஷயம் பேசுவோம். பஸ் அலுவலகம் அல்ல." பட்டியலில் கையெழுத்து? கோப்பைக் கொண்டுவந்து பிரித்தார்கள். பட்டியலின் அடியில் காகிதம் லேசாகத் தேய்ந்து வெளுத்திருந்தது. அழிப்பான் துகள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்து எதுவும் இல்லை.

கலியமூர்த்தி அந்த வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்கு விசாரணை செய்யலாம் என்று இரண்டு முறை சொன்னார்கள். கேள்விகளை அவர் எண் போட்டு எழுதி வைத்திருந்தார். ஆனால் கேட்க வரவில்லை. மனுஷரைப் பொய் சொல்லும்படி இன்னும் வற்புறுத்துவானேன் என்று இருந்துவிட்டது.

தண்டனையாகக் கண்டனம் பதிவானது. அதனால் அந்த வருஷம் வரவேண்டியிருந்த பதவி உயர்வு போனது. இன்னொரு உத்தரவும் வந்தது: தகுதியற்ற பிராசசரால் தயாரான பட்டியல் செல்லாது, அறுநூற்று நாற்பது குழந்தைகளிடமிருந்தும் கருவிகளைத் திரும்பப் பெற வேண்டும். கடிதங்களை எழுதும் பொறுப்பு கலியமூர்த்திக்கே தரப்பட்டது.

அவர் அட்டைகளைக் கேட்டு முறைப்படி விண்ணப்பித்தார். விலாசம் அட்டைகளில்தான் இருந்தது. அட்டைகளோ அவருடைய குற்றத்துக்குச் சான்றுப் பொருளாக அரக்கு முத்திரை வைத்துக் கண்காணிப்புப் பிரிவின் பீரோவில் இருந்தன. வழக்குக் கோப்பு முடிந்து பத்து ஆண்டுகளுக்கு அதைப் பிரிக்கக் கூடாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அவர் மூன்று பிரதி எடுத்து மூன்று கோப்பில் வைத்தார். கடிதம் ஒன்றும் போகவில்லை; கருவிகள் குழந்தைகளிடமே இருந்தன. வாரியத்தின் விதி ஒன்று யாரோ ஒரு குழந்தைக்கு உதவியது என்றால் அது அந்த ஒருமுறைதான். அதற்குக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அது தெரியாது.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி, நிதியாண்டின் கடைசிச் சாயங்காலத்தில், பதினாறு கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. பூசணிக்காய் சுற்றி உடைத்து, குங்குமம் வைத்து, துணி போட்டு மூடினார்கள். கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது என்பதால் அவற்றுக்கு ஏ.சி. வாங்க வேறொரு குழு அமைந்தது. பதினேழாவது மட்டும் வரவில்லை. இருநூறு மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும்வரை அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பதென்று முடிவாகியிருந்தது. கலியமூர்த்தி அட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அனந்தகிருஷ்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கிலோ மாம்பழம். மீனாக்ஷி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அவராகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நம்மாத்துப் பையன் மாதவ் ஒரே அடம், கலி. கம்ப்யூட்டர் வேணுமாம். நேக்கு என்ன தெரியும்? கடைக்காரன் கண்டதையும் தலைல கட்டிடுவான். ஒங்களுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி. சட்டையைப் போட்டுண்டு வாங்கோ, ஜல்தி போய்ட்டு வந்துடலாம்."

கலியமூர்த்தி சட்டையைப் போட்டுக்கொண்டார். ஏன் போனார் என்று பிற்பாடு மீனாக்ஷி எத்தனையோ தடவை கேட்டாள். அவருக்கே தெரியவில்லை.

ஜோதிலிங்கத்துக்குப் பார்த்ததும் ஆள் யாரென்று புரிந்துவிட்டது. கலியமூர்த்தியைத் தனியே கூப்பிட்டு, உள்ளே ஒரு பிராசசர் கிடக்கிறது, கமிட்டியில் வளைந்த ஊசியெல்லாம் நிமிர்த்தியது, ஆறு மாசம் ஓடும் அப்புறம் படுத்துவிடும், மாட்டிவிடட்டுமா அண்ணாச்சி என்று கேட்டான். கலியமூர்த்திக்கு ஆசை இல்லாமல் இல்லை.

"வேண்டாம்ப்பா. பையன் படிக்கிறதுக்கு. நல்லதாவே போடு."

குறைந்த விலையில் எழுநூறு மெகாஹெர்ட்ஸ் செலரான் வந்திருந்தது. தலைமை இயக்குநர் மேஜையில் இருந்ததற்குக் கிட்டத்தட்டச் சமானம். மிச்சக் காசுக்கு மெமரியைக் கூட்டச் சொன்னார் கலியமூர்த்தி. பூட்டி ஓட்டிக் காட்டினான். அனந்தகிருஷ்ணன் அசந்துபோனார்.

"நன்னா இருக்கே! இவ்ளோ சல்லிசா! இதையே ஆபீஸ்ல அப்பவே வாங்கித் தொலைச்சிருக்கலாம். அந்தக் கமிட்டிக்காராளுக்கு எங்கே மூளை இருக்கு?"

அந்தக் கமிட்டியின் உறுப்பினர் செயலரே அப்படிச் சொன்னதும் ஜோதிலிங்கம் கலியமூர்த்தியைப் பார்த்தான். கலியமூர்த்தி, அன்று விசாரணையில் கேட்காத கேள்வியை, பல மாதம் கழித்துக் கேட்டார்.

"சார், அட்டைய எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னது நீங்கதான். பென்சில்ல கையெழுத்துப் போட்டதும் நீங்கதான். உங்களுக்கு ஞாபகம் இருக்கா, இல்லையா?"

அனந்தகிருஷ்ணன் தடுமாறவில்லை. குரலில் வருத்தம்கூட இருந்தது.

"ஏன் இல்லாம? நன்னா ஞாபகம் இருக்கு, கலி. ஃபைல்லதான் இல்லை."

ஆட்டோ வந்தது. மானிட்டர் பெட்டியும் கேபினெட் பெட்டியும் சீட்டை அடைத்துக்கொண்டன. கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு அனந்தகிருஷ்ணன் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தார். இன்னொருவருக்கு இடமில்லை என்று கையை விரித்துக் காட்டினார். பஸ்ஸில் வந்துவிடும்படியும், மாம்பழத்தைச் சீக்கிரம் சாப்பிட்டுவிட வேண்டும், தாங்காது என்றும் சொன்னார்.

"பையா, தீரே சலோ," என்று, மெதுவாகப் போகச் சொல்லி, டிரைவரிடம் பெட்டியைத் தட்டிக் காண்பித்தார். "உள்ள பிராசசர் இருக்கு."

ஆட்டோ மெதுவாகத்தான் போனது. வெகுதூரம் வரைக்கும் கலியமூர்த்தியால் அதைப் பார்க்க முடிந்தது.